பெயர் கேட்டு அலைந்த பாதிரியார்

செடிகளின் சொற்கதை – 9

செடிக்குப் பெயர் தெரியாமல் ஒரு வைத்தியர் எப்படி மருந்து எழுதிக் கொடுப்பார்? 1530-களின் இங்கிலாந்தில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதற்குச் சாட்சி வில்லியம் டர்னர். ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லண்ட் வட்டாரத்தில், மார்பெத் என்ற ஊரில் 1508 வாக்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் பெம்புரோக் ஹாலில் படித்தார். செடிகொடிகள் மேல் தீராத ஆசை. ஆனால் மாணவராக இருந்த காலத்தில் ஒரு செடிக்கோ மரத்துக்கோ கிரேக்கப் பெயரையோ லத்தீன் பெயரையோ, ஏன், இங்கிலீஷ் பெயரையோகூட யாரிடமும் கற்றுக்கொள்ள முடியவில்லை, மருத்துவர்களிடம் கேட்டும் பயனில்லை என்று கடைசிக் காலத்தில் எழுதிவைத்தார்.

அன்றைய மருத்துவப் படிப்பின் லட்சணம் அப்படி. கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடீஸ் கிரேக்கத்தில் எழுதிய மூலிகை நூல்தான் அப்போதும் வேதம். அதில் இருந்தவை பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிகள். குளிரும் மழையுமான இங்கிலாந்தில் அவற்றில் எவை முளைக்கின்றன, முளைப்பவற்றை ஊரில் எப்படி அழைக்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. மருத்துவர் லத்தீனில் சீட்டு எழுதுவார். மருந்துக்கடைக்காரர் அதைத் தனக்குப் புரிந்தபடி படித்துக்கொள்வார். அவருக்கும் செடி தெரியாது. மூலிகை பறித்து வந்து விற்கும் கிழவிகள் எதைக் கொடுத்தார்களோ அதை வாங்கி இடித்துப் பொட்டலம் கட்டுவார். மருத்துவர் கடைக்காரரை நம்புகிறார், கடைக்காரர் கிழவிகளை நம்புகிறார் என்று டர்னர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் அலுத்துக்கொண்டதற்குள்ளேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பெயர் தெரிந்தவர்கள் அந்தக் கிழவிகள்தான். கடந்த சில வாரங்களாக மரங்களின் பெயர்களைப் பார்த்துவந்தோம். இந்த வாரம் தரைக்கு இறங்கி, பூவும் பூண்டும் கீரையுமாக அந்தக் கிழவிகளின் கூடையில் கிடந்த சொற்களைப் பார்ப்போம். அவை எங்கிருந்து வந்தன, டர்னர் அவற்றை என்ன செய்தார், அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த அத்தியாயம்.

வரப்போரத்துச் சொற்கள்

கூடையின் அடியில் கிடப்பவை பழைய ஆங்கிலச் சொற்கள். ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து வட ஜெர்மனி, டென்மார்க் கரையோரங்களிலிருந்து வந்து குடியேறிய ஆங்கிள்களும் சாக்ஸன்களும் பேசிய மொழி. உழுது பிழைத்தவர்கள். எதைப் பார்த்தார்களோ அதையே பெயராக வைத்தார்கள்.

புல்தரையில் பொட்டுப்பொட்டாகப் பூக்கும் டெய்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் வட்டம். விடிந்ததும் விரியும், பொழுது சாய்ந்ததும் இதழ்களைக் கூட்டிக்கொண்டு மூடிவிடும். இதற்குப் 'பகலின் கண்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைய இங்கிலீஷில் சொன்னால் 'டேஸ் ஐ'. வாயில் புரண்டு புரண்டு டெய்ஸி ஆகிவிட்டது. விரலை நுழைத்துப் பார்க்கத் தோன்றும் நீளக் குழல் பூவுக்கு 'நரியின் கையுறை' என்று பெயர், அதுதான் ஃபாக்ஸ்குளோவ். இந்தப் பூவை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி வரும்.

எல்லாப் பெயரும் இப்படி அழகாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வசந்தத்தில் மேய்ச்சல் நிலமெங்கும் மஞ்சளாகப் பூக்கும் கௌஸ்லிப்பின் பெயருக்குள் இருப்பது மாட்டுச் சாணி. 'ஸ்லிப்' என்ற பகுதிக்குப் பழைய ஆங்கிலத்தில் வழவழவென்ற கழிசல் என்று பொருள். பிற்காலத்து நாசூக்குக்காரர்கள் சொல்லை வேறு இடத்தில் பிரித்துப் 'பசுவின் உதடு' என்று மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். மாடு மேய்த்தவர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

கார்லிக் என்பதில் 'கார்' என்றால் ஈட்டி. 'லிக்' என்பது வெங்காய இனத்துச் செடியான லீக். ஈட்டிமுனை போல் கூர்ந்த பற்கள் கொண்ட லீக். இந்த லீக் என்ற சொல் அந்தக் காலத்தில் ஒரு செடியோடு நிற்கவில்லை, தோட்டத்துக் கீரை காய்களுக்கும் பொதுவாகப் புழங்கியது. வீட்டுக் காய்கறித் தோட்டத்தையே 'லீக் கொல்லை' என்ற பொருளில் அழைத்தார்கள். இங்கிலாந்தில் இன்றும் லெய்டன் என்ற பெயரில் இருக்கும் ஊர்கள் பல அந்தக் கொல்லைகளின் மிச்சம். நமக்கு இது எளிதில் விளங்கும். 'புல்பூண்டு முளைக்காத இடம்' என்னும்போது பூண்டு எந்தச் சிறு செடியும்தான். ரசத்துக்குத் தட்டிப் போடும்போதுதான் அது வெள்ளைப்பூண்டு.

செடிகளுக்கெல்லாம் பொதுவான சொல்லாக அவர்களிடம் இருந்தது 'வொர்ட்'. செடி, மூலிகை, வேர் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வேயிலிருந்து படையெடுத்து வந்த வைக்கிங்குகள் பிறகு குடும்பமாகத் தங்கி உழவும் செய்தார்கள். அவர்கள் மொழியிலிருந்து 'ரூட்' வந்தது. வேர் என்ற பொருள் அதன் பக்கம் போய்விட்டது. பின்னால் வந்த 'ஹெர்ப்' மூலிகையை எடுத்துக்கொண்டது. பாவம், வொர்ட் இப்போது பெயர்களின் வாலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரையாக விற்கிறார்களே, செயின்ட் ஜான்ஸ் வொர்ட், அதில் இருப்பது இந்தப் பழைய சொல்தான்.

இன்று நாம் பொதுச்சொல்லாகப் பயன்படுத்தும் 'பிளான்ட்' அப்போதே இருந்தது. லத்தீனிலிருந்து வந்தது. ஆனால் அதற்குப் பொருள் நடுவதற்கான இளங்கன்று, வெட்டி நடும் போத்து, அவ்வளவுதான். உலகத்துத் தாவரம் முழுவதும் பிளான்ட் ஆனது டர்னர் வாழ்ந்த 16-ஆம் நூற்றாண்டில்.

வால்நட்டிலும் ஒரு கதை உண்டு. 'வால்' என்றால் அந்நியன். இங்கிலாந்துக்கு உரியது ஹேசல் கொட்டை. தெற்கேயிருந்து வந்தது அந்நியர் கொட்டை. தங்களுக்கு முன்பே அந்தத் தீவில் குடியிருந்த பிரிட்டானியர்களையும் சாக்ஸன்கள் இதே சொல்லால்தான் அழைத்தார்கள். வேல்ஸ் என்ற நாட்டின் பெயர் அப்படி வந்தது. நேற்று வந்தவர்கள் காலங்காலமாக இருந்தவர்களை அந்நியர் என்றார்கள். பெயர் வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய பார்வைதான் சொல்லில் பதியும். இந்த அத்தியாயத்தில் இனி வரும் எல்லாச் சொற்களுக்கும் இது பொருந்தும்.

துறவியின் பெட்டியில் மிளகு

735-ஆம் ஆண்டு மே மாதம். வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி சாகக் கிடக்கிறார். ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை எழுதியவர். தன் சின்னப் பெட்டியில் இருப்பவற்றை மற்றத் துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொல்கிறார். உடனிருந்த கத்பர்ட் என்ற சீடர் கடிதத்தில் பட்டியல் கொடுத்திருக்கிறார்: மிளகு, துண்டுத் துணிகள், தூபம்.

மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் விளைந்த மிளகு கை மாறிக் கை மாறி அவ்வளவு தொலைவு போயிருக்கிறது. கூடவே பெயரும் போனது. ஆனால் போன பெயர் மிளகின் பெயரே இல்லை. வட இந்திய மொழிகளில் 'பிப்பலி' என்றால் நம் திப்பிலி. கிரேக்கர்கள் அதைப் 'பெபெரி' என்றார்கள், ரோமானியர்கள் 'பைபர்' என்றார்கள். திப்பிலிக்கு உரிய பெயரை அதைவிட மலிவாகவும் ஏராளமாகவும் வந்து இறங்கிய மிளகுக்கும் சேர்த்து வைத்துவிட்டார்கள். காலப்போக்கில் திப்பிலி ஐரோப்பிய அடுப்படியை விட்டே போனது. பெயர் மட்டும் மிளகிடம் தங்கி, 'பெப்பர்' ஆயிற்று. கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய்க்கும் அதுவே பெயர். மூன்று வகைக் காரத்தை ஒரே சொல்லில் அடைத்த பெருமை அதற்கு உண்டு.

இஞ்சியின் கதையில் குழப்பம் குறைவு. தென்னிந்தியாவின் இஞ்சி, அதோடு வேர். பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீன் வழியாக 'ஜிஞ்சர்' என்று மொழியியலாளர்கள் வழி காட்டுகிறார்கள். சமஸ்கிருதம் நடுவில் புகுந்து, மான்கொம்பு போன்ற உருவம் உடையது என்று புதுப்பொருள் கற்பித்து 'சிருங்கவேரம்' ஆக்கிக்கொண்டது. இங்கிலாந்தில் 1066-க்கு முன்பே இந்தச் சொல் எழுத்தில் வந்துவிட்டது. இந்தியாவை ஏறக்குறைய ஒருவரும் பார்த்திராத காலத்தில் அங்கே இஞ்சிக்கு ஊர்ப்பெயர் இருந்தது.

பிரபுக்களின் பிரெஞ்சு

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. வயலில் பழைய ஆங்கிலம் நின்றது. செடிச் சொற்களிலும் இந்த மேல்தட்டு, கீழ்த்தட்டு அப்படியே தெரியும். மண்ணோடு ஒட்டிய வேர், இலை, விதை ஆகியவற்றுக்கு ரூட், லீஃப், சீட் என்று பழைய சொற்களே நீடித்தன. கண்ணுக்கும் நாக்குக்கும் இன்பம் தருகிற பூவும் பழமும் ஃபிளவர், ஃபுரூட் என்று பிரெஞ்சுக்குப் போயின. அதற்கு முன்பு பூவுக்கு இருந்த 'பிளாசம்' இப்போது பெரும்பாலும் பழமரங்களின் பூவுக்கு மட்டும்.

'ஃபிளவர்' இன்னொரு வேலையும் பார்த்தது. எதிலும் மிக உயர்ந்த பகுதியைப் 'பூ' என்பது பிரெஞ்சு வழக்கம். அரைத்துச் சலித்ததில் நைசான பகுதியை மாவின் பூ என்றார்கள். அதுதான் சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் பிசைகிற 'ஃபிளவர்' மாவு. உச்சரிப்பு ஒன்று, எழுத்துதான் வேறு. எழுத்துகூட வெகுகாலம் ஒன்றாகவே இருந்தது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோதும் இரண்டையும் தனித்தனிச் சொல்லாகப் பிரிக்கவில்லை.

நார்மானியரின் 'செரீஸ்' பழத்துக்கு நேர்ந்தது வேடிக்கை. அது ஒருமைச் சொல். கடைசியில் ஒலிக்கும் 'ஸ்' பன்மை விகுதி என்று இங்கிலீஷ்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பல பழங்கள் செரீஸ் என்றால் ஒன்று செரி ஆகத்தானே வேண்டும்? வெட்டிவிட்டார்கள். பட்டாணிக்கும் அதே கதி. 'பீஸ்' என்பதுதான் பழைய ஒருமை. 17-ஆம் நூற்றாண்டில் வாலை நறுக்கிப் 'பீ' ஆக்கினார்கள். இலக்கணம் தெரியாதவர்கள் செய்த தவறுதான் இன்று இலக்கணம்.

மஞ்சள் பூவும் ஊதினால் பறக்கும் விதையுமாக எங்கும் முளைக்கும் டேன்டிலயன் பிரெஞ்சில் 'சிங்கத்தின் பல்'. பூவைப் பார்த்தால் பெயர் பொருந்தாது. இலையைப் பாருங்கள், ஓரமெல்லாம் ரம்பம் போல வெட்டுவெட்டாக இருக்கும். பெயரைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்களே பிற்பாடு அதைக் கைவிட்டு, படுக்கையை நனைப்பது என்ற பொருளில் வேறு பெயருக்கு மாறிவிட்டார்கள். சிறுநீரைப் பெருக்கும் கீரை அது. இங்கிலாந்துக் கிராமங்களிலும் அதே பொருளில் ஒரு கொச்சைப் பெயர் உண்டு. சிங்கம் பார்வைக்கு வந்தது, கொச்சை அனுபவத்தில் வந்தது.

கடல் கடந்து ஒரு பட்டியல்

இப்படி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்துகிடந்த சொற்களைத்தான் டர்னர் தேடப் புறப்பட்டார். 1538-இல் லத்தீனில் ஒரு சிறு மூலிகை நூல் வெளியிட்டார். அவர் வெறும் செடிப்பித்தர் என்றால் ஊரிலேயே இருந்திருப்பார். மதச் சீர்திருத்தக்காரரும்கூட. கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த நிக்கலஸ் ரிட்லி, பின்னாளில் கத்தோலிக்கரான மேரி ராணி காலத்தில் உயிரோடு எரிக்கப்பட்டவர். டர்னர் போகிற இடமெல்லாம் பிரசங்கம் செய்து கைதானார். விடுதலையானதும் 1540-இல் நாட்டை விட்டுக் கிளம்பினார்.

நாடு கடந்த வாழ்க்கை அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது. இத்தாலியின் பொலோன்யாவில் லூக்கா கினியிடம் படித்தார். செடியைத் தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்துச் சேமிக்கும் முறையைப் பரப்பிய ஆசிரியர் கினி. சூரிக்கில் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் நண்பரானார். ஜெர்மனியின் வட கரையில் எம்டன் பிரபுவுக்கு மருத்துவராக இருந்தார். ஒவ்வோர் ஊரிலும் ஒரே கேள்விதான்: இந்தச் செடிக்கு இங்கே என்ன பெயர்? இதற்கிடையே 1546-இல் மன்னர் எட்டாம் ஹென்றி தடை செய்த நூலாசிரியர்கள் பட்டியலில் டர்னர் பெயரும் ஏறியது. அது மதச் சண்டையில் கிடைத்த மரியாதை.

ஹென்றி இறந்த பிறகு திரும்பி வந்தார். 1548-இல் 'மூலிகைகளின் பெயர்கள்' வெளிவந்தது. கையடக்கமான புத்தகம். லத்தீன் அகரவரிசையில் செடிகள். ஒவ்வொன்றுக்கும் கிரேக்கம், இங்கிலீஷ், ஜெர்மன், பிரெஞ்சுப் பெயர்கள். மருந்துக்கடைகளில் புழங்கும் பெயரும் சேர்த்து. சீட்டு எழுதும் மருத்துவர், பொட்டலம் கட்டும் கடைக்காரர், செடி பறிக்கும் கிழவி ஆகிய மூவரின் பேச்சும் முதல்முறையாக ஒரே வரியில் வந்து நின்றது.

இங்கிலீஷில் பெயரே இல்லாத செடிகளுக்கு என்ன செய்வது? இப்படி அழைக்கலாமே என்று டர்னரே ஒரு பெயரை முன்மொழிந்தார். அதில் ஒன்று லூஸ்ஸ்ட்ரைஃப். கிரேக்கத்தில் லைசிமாக்கியா. லைசிமாக்கஸ் என்ற அரசன் பெயரால் வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். முரண்டு பிடிக்கும் மாடுகளின் நுகத்தில் இதைக் கட்டினால் அவை சமாதானம் ஆகும் என்ற நம்பிக்கையையும் பதிவு செய்கிறார். அரசன் பெயரைப் பிரித்தால் 'சண்டையை அவிழ்ப்பவன்' என்று பொருள் வரும். டர்னர் அதைத் துண்டு துண்டாக இங்கிலீஷ் ஆக்கிவிட்டார்: லூஸ், ஸ்ட்ரைஃப். மாசிலாமணி என்பவரைக் குற்றமற்ற ரத்தினம் என்று கூப்பிடுவதைப் போன்றது இது. ஆனாலும் நிலைத்துவிட்டது. ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன, இன்றும் அந்தச் செடிக்கு அதுதான் பெயர்.

அவருடைய பெரிய நூல் 'புதிய மூலிகை நூல்' மூன்று பகுதிகளாக வந்தது. முதல் பகுதி 1551-இல் லண்டனில். அந்த ஆண்டில்தான் வெல்ஸ் தேவாலயத்தின் டீன் பதவியும் அமைந்தது. பதவி கிடைத்ததே தவிர வீடு கிடைக்கவில்லை. முன்பிருந்தவர் காலி செய்யவில்லை. மனைவி மக்கள், வேலைக்காரர்கள் எல்லோரோடும் ஒரே அறையில் பட்டியில் அடைத்த ஆடுகள் மாதிரி இருப்பதாகவும், பிள்ளைகள் அழுகிற சத்தத்தில் புத்தகத்தைத் தொட முடியவில்லை என்றும் அவர் புலம்பிய கடிதம் இருக்கிறது. ஒருவழியாக வீடு கிடைத்தது. 1553-இல் மேரி ராணி பட்டத்துக்கு வந்ததும் மறுபடி நாடு கடந்து ஓட்டம். இரண்டாம் பகுதி 1562-இல் ஜெர்மனியின் கொலோனில் அச்சானது. முழு நூல் 1568-இல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் டர்னர் லண்டனில் காலமானார். பிஷப்புகளின் தொப்பியைப் பிடுங்கி வர ஒரு நாயைப் பழக்கி வைத்திருந்தார் என்ற கதையும் அவரைப் பற்றி உண்டு.

நூலை இங்கிலீஷில் எழுதியதற்குச் சக மருத்துவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். கண்டவனும் வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டால்? டர்னர் பதிலும் வைத்திருந்தார். டயாஸ்கொரிடீஸும் பழங்கால மருத்துவர் காலனும் கிரேக்கத்தில் எழுதினார்களே, அது அவர்கள் ஊரில் எல்லோரும் பேசிய மொழிதானே? லத்தீன் தெரிந்த மருந்துக்கடைக்காரர்கள் இங்கிலாந்தில் எத்தனை பேர்? தெரியாதவர்கள் கையில் நோயாளிகள் சாகலாமா? மருத்துவ அறிவு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற வழக்கை அன்றே நடத்தி முடித்துவிட்டார்.

துறைமுகத்தில் இறங்கியவை

டர்னர் பட்டியல் போட்டு முடிப்பதற்குள் கப்பல்கள் புதுச் செடிகளைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கின. கிழவிகளுக்கு இவற்றின் பெயர் தெரியாது. மாலுமி சொன்னதுதான் பெயர்.

1597-இல் ஜான் ஜெரார்டின் மூலிகை நூல் வந்தது. லண்டன் ஹோல்பர்னில் தோட்டம் வைத்திருந்த அறுவை மருத்துவர். படங்கள் சுமார் 1800. பெரும்பாலானவை ஏற்கெனவே ஜெர்மனியில் அச்சான கட்டைகளிலிருந்து எடுத்தவை. புதிதாகச் செதுக்கிய சிலவற்றில் ஒன்று உருளைக்கிழங்குச் செடி. ஜெரார்டுக்கு அது எவ்வளவு புதுமை என்றால், நூலின் முகப்புப் படத்தில் கையில் உருளைக்கிழங்குப் பூவோடுதான் நிற்கிறார். பெயர்தான் சிக்கல். கரீபியத் தீவு மக்களின் 'பட்டாட்டா' சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் குறித்தது. 'பொட்டேட்டோ' என்று இங்கிலாந்துக்கு முதலில் வந்ததும் அந்தக் கிழங்குதான். பின்னால் வந்த உருளையை ஜெரார்டு 'வர்ஜீனியா பொட்டேட்டோ' என்றார். அது வர்ஜீனியாவைச் சேர்ந்ததுமல்ல. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலையில் பிறந்தது, அங்கே அதன் பெயர் 'பாப்பா'. கடைசியில் சர்க்கரைவள்ளியின் பெயரை உருளை பறித்துக்கொண்டது. மும்பையில் பட்டாட்டா வடை சாப்பிடுகிறவர்கள் போர்த்துகீசியர் வழியாக வந்த அதே கரீபியச் சொல்லைத்தான் மெல்லுகிறார்கள்.

அன்னாசிக்கு ஐரோப்பாவில் பலரும் தென் அமெரிக்கப் பெயரான 'அனனாஸ்' என்பதையே வைத்துக்கொண்டார்கள். போர்த்துகீசியர் மூலம் நமக்கும் அதுவே வந்தது. இங்கிலீஷ்காரர்கள் மட்டும் பழத்தின் செதில்களைப் பார்த்து 'பைன்ஆப்பிள்' என்றார்கள். அது பைன் மரத்துக் காய்க்கு அதுவரை இருந்த பெயர். ஆப்பிள் என்றால் அந்தக் காலத்தில் எந்தப் பழமும், காயும்தான். பெயரைப் பறிகொடுத்த பைன் காய்க்குக் 'கோன்' என்று வேறு சொல் தேட வேண்டியதாயிற்று. துலிப்பின் பெயர் தலைப்பாகையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. துருக்கியர்களோ அந்தப் பூவை 'லாலே' என்பார்கள்.

இந்தப் பெயர் மாறாட்டங்களிலெல்லாம் என்னை மிகவும் நிறுத்திவைப்பது ஒரு களைச்செடி. இங்கிலாந்தின் பாதையோரங்களில் தரையோடு தரையாக அகல இலை விரித்துக் கிடக்கும். வண்டி ஏறினாலும் ஆள் மிதித்தாலும் சாகாது. சாக்ஸன்கள் அதற்கு 'வழியோர அகலன்' என்ற பொருளில் 'வேபிரெட்' என்று பெயர் வைத்தார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மந்திரப் பாட்டு ஒன்று அதை மூலிகைகளின் தாயாகப் போற்றுகிறது. லத்தீன்காரர்கள் இலையை உள்ளங்காலோடு ஒப்பிட்டார்கள், அதிலிருந்து 'பிளான்டெய்ன்'. நாம் வாழைக்காய்க்குச் சொல்லும் பிளான்டெய்ன் ஸ்பானிஷ் வழியாக வந்து இதோடு உருவம் கலந்துவிட்ட வேறு சொல். 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் களை குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போனது. அவர்கள் போட்ட பாதையெல்லாம் முளைத்தது. அதைப் பார்த்த பூர்வகுடிகள் என்ன பெயர் வைத்தார்கள் என்று ஆங்கிலப் பயணி ஜான் ஜோஸ்லின் 1672-இல் வெளியிட்ட நூலில் குறித்திருக்கிறார்: 'இங்கிலீஷ்காரன் கால்'. அவன் மிதித்த இடத்தில் முளைப்பதாம். உழவன் பாதையைப் பார்த்தான், லத்தீன் புலவன் வடிவத்தைப் பார்த்தான், நிலத்தை இழந்துகொண்டிருந்தவன் ஆளைப் பார்த்தான்.

தறியிலிருந்தும் உரலிலிருந்தும்

பிறகு விஞ்ஞானிகள் முறை. பூவின் உள்ளுறுப்புகளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. கிராமத்தில் அந்த அளவுக்குப் பிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. லத்தீனில் தேடினார்கள். தேடிப் பிடித்ததெல்லாம் வீட்டுச் சாமான்கள். மகரந்தத்தாளுக்கு 'ஸ்டேமன்': தறியில் ஓடும் பாவு நூல். அதன் லத்தீன் பன்மை 'ஸ்டாமினா'. மனித ஆயுளை நூலாக நூற்கும் தேவதைகளின் கதையோடு சேர்ந்து அதற்கு உயிர்வலு என்ற பொருள் வந்தது; கிரிக்கெட் வர்ணனையில் நாள்தோறும் காதில் விழுகிற ஸ்டாமினா பூவுக்குள் இருக்கும் நூல்தான். சூலகத்துக்குப் 'பிஸ்டில்': உலக்கை. மகரந்தத்துக்குப் 'போலன்': லத்தீனில் நைசான மாவு. மாவுக்குப் பூவின் பெயரைக் கொடுத்த மொழி பூந்தூளுக்கு மாவின் பெயரைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

1753-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல் கொண்ட லத்தீன் பெயரை நிலைநாட்டினார். டர்னரைத் திண்டாட வைத்த குழப்பம் படித்தவர்கள் மட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. அதற்காகக் கிழவிகளுக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. 1775-இல் ஷ்ராப்ஷயர் வட்டாரத்துக் கிழவி ஒருத்தி நீர்க்கோவைக்கு ரகசியக் கஷாயம் வைத்திருப்பதாகவும், அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும்படியும் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் கேட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது நரியின் கையுறைதான் என்று விதரிங் கண்டுகொண்டார். பத்து ஆண்டு சோதித்து, அளவு வகுத்து, 1785-இல் நூல் வெளியிட்டார். அந்த ஃபாக்ஸ்குளோவ் இனத்திலிருந்து பிரித்த டிகாக்ஸின் இன்றும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

விதரிங்கின் நூலில் நோயாளிகளின் விவரம் பக்கம் பக்கமாக உண்டு. அந்தக் கிழவியின் பெயர் இல்லை. டர்னரின் பட்டியலிலும் செடிகளுக்கு ஐந்து மொழியில் பெயர் உண்டு. கூடையோடு வந்து சொல்லிக்கொடுத்த ஒருத்திக்கும் பெயர் கிடையாது. டெய்ஸி என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாமல் போனதில் வியப்பில்லை, அது எழுத்துக்கு முந்தைய காலம். அச்சு வந்த பிறகும் தெரியாமல் போனதற்குக் காரணம், கேட்டு எழுதியவர்களுக்கு அது தேவையாகப் படவில்லை என்பதுதான்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவரத் தொடங்கி, 1693-இல் 12 தொகுதிகளாக நிறைவடைந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில், செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்ன சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயர், அவருடைய சொந்த எழுத்தில் எழுதிய உறுதிமொழியோடு அச்சாகியிருக்கிறது. தொகுப்பித்தவர் கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு. ஒரு படைத்தலைவருக்கு அந்த மரியாதை எப்படித் தோன்றியது, அந்தக் கரையிலிருந்து மாங்காயும் தேக்கும் வெற்றிலையும் இங்கிலீஷுக்குள் எந்த வழியாக ஏறின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)